கறுவாப்பட்டையும் கட்டுக்கதையும்

நம் மக்களிடையே இந்நாளில் ஒரு புது மதம் பரவி வருகிறது. இதற்குக் கோயில் இல்லை, குருக்கள் இல்லை, உண்டியல் மட்டும் உண்டு. கறுவாப்பட்டையை இடித்துப் பொடியாக்கி, வெறும் வயிற்றில் வெந்நீரில் கலந்து குடித்துவிட்டால், இனிப்பு நீர் நோய் இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும் என்பதே அம்மதத்தின் வேதம். இவ்வேதம் இரவுச் சந்தைகளில் ஓதப்படுகிறது. கைப்பேசிப் புலனங்களில் ஓதப்படுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில், இலையில் பாயசம் ஊற்றப்படும்பொழுதே ஓதப்படுகிறது. கிள்ளானிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கம்போங் மேடானிலும், இன்னும் எஞ்சி நிற்கும் தோட்டப்புறங்களிலும் இதைக் கேளாத செவி இல்லை என்றே சொல்லலாம்.

கேட்டதோடு நின்றால் நாம் பேனா எடுக்க வேண்டியதில்லை. சர்க்கார் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பொடிப் பொட்டலத்தைக் கையில் எடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிற் சிலர் பின்னர்க் கால் இழக்கிறார்கள். சிலர் கண் இழக்கிறார்கள். சிலர் வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்கள். இந்நிலையைக் கண்டும் வாளா இருப்பது எழுதத் தெரிந்தவனுக்கு அழகன்று.

பட்டையின்மீது நமக்குப் பகை இல்லை. ஆட்டிறைச்சிக் குழம்பிலும் நெய்ச்சோற்றிலும் அது தனக்குரிய இடத்தில் இருக்கட்டும். அதன் மணத்தை நாமும் விரும்புகிறவர்களே. நம் பகையெல்லாம் அதன் தலையில் ஏற்றப்படும் பொய்யின்மீதுதான். இப்பொய் புதியதுமன்று. இம்மரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பட்டையோடு கதையும் சேர்த்தே விற்கப்பட்டு வந்திருக்கிறது என்பதும், கதை விற்றவன் கொழுத்தான், பட்டை உரித்தவன் மெலிந்தான் என்பதும் வெட்டவெளிச்சமாகும்.

பட்டைப் பிரசாரகர்கள் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர். ஒன்று, இது முன்னோர் கையாண்ட பழம்பொருள், ஆகவே பலிக்கும். இரண்டு, இது இயற்கைப் பொருள். ஆகவே தீங்கு செய்யாது. மூன்று, இங்கிலீஷ் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே இதுவே கதி. இம்மூன்றையும் ஒவ்வொன்றாய் எடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

பழமை வாதம் முதலில் வரட்டும். பண்டைக்காலத்தார் இப்பட்டையை என்ன செய்தார்கள்? எகிப்தியர், செல்வர்களின் பிணத்தைப் பதப்படுத்தும்பொழுது, வயிற்றைக் கீறிக் குடலை அகற்றி, அவ்விடத்தில் வெள்ளைப்போளமும் பட்டையும் மற்ற வாசனைச் சரக்குகளும் நிரப்பித் தைத்தார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். யூதர் வேதத்தின் யாத்திராகமம், ஆசாரியர்களுக்குப் பூசும் அபிஷேகத் தைலத்தில் கறுவாவைச் சேர்க்கச் சொல்கிறது. உரோமாபுரியின் நீரோ மன்னன், கி.பி. 65இல் இறந்த தன் மனைவி பொப்பேயாவின் சடங்கில், அரபு நாடு ஓராண்டில் விளைவிப்பதினும் மிகுதியான வாசனைப் பொருள்களை ஒரே நாளில் எரித்தான் என்று பிளினி என்னும் உரோம ஆசிரியர் குறைகூறுகிறார். ஆகப் பிணத்திற்கும், பூசைக்கும், பகட்டிற்கும் பயன்பட்டதே பெரும்பாலும் இதன் பழமை.

மருந்தாகவும் வழங்கிற்று, அதை நாம் மறைக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் டயாஸ்கொரிடீஸ், சிறுநீரைப் பெருக்கவும், செரிமானத்திற்கும், விஷ ஜந்துக்களின் கடிக்கும் இதைச் சொல்லியிருக்கிறார். நம் சித்த வைத்தியர்களும் பல சூரணங்களில் இதைக் கூட்டுகின்றனர். ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம். பழமை ஒன்றே மெய்க்குச் சாட்சியானால், செம்பனைக் காட்டில் பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஏன் மருத்துவமனைக்கு ஓடுகிறீர்கள்? டயாஸ்கொரிடீஸ் சொன்னபடி பட்டையைக் கரைத்து வாயில் ஊற்றிவிட்டு, திண்ணையில் படுக்க வைக்கலாமே? செய்யமாட்டீர்கள். பாம்புக்கடிக்கு ஒரு நியாயம், இனிப்பு நீருக்கு ஒரு நியாயமா? பாம்பு உடனே கொல்லும். இனிப்பு நீர் பத்தாண்டு பொறுத்துக் கொல்லும். வேறுபாடு அவ்வளவே. பொய் மருந்து விற்பவனுக்கு அந்தப் பத்தாண்டுதான் முதல்!

இனி, கதை விற்ற வரலாற்றைக் கேளுங்கள். இப்பட்டை எங்கே விளைகிறது என்பது மேனாட்டாருக்கு நெடுங்காலம் தெரியாது. இடையில் நின்று விற்ற வணிகர்கள் அதைச் சொல்லவும் இல்லை. சொன்னதெல்லாம் கதை. பெரிய பறவைகள் எங்கிருந்தோ கறுவாக் குச்சிகளைக் கொணர்ந்து, மனிதன் ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில் மண்ணால் கூடு கட்டுமாம். அரபுநாட்டார் மாட்டு இறைச்சியைப் பெரிய துண்டங்களாக வெட்டிக் கீழே போட்டு ஒளிந்து நிற்பார்களாம். பறவைகள் அவற்றைத் தூக்கிச் சென்று கூட்டில் வைக்க, பாரம் தாங்காமல் கூடு சரிந்து விழுமாம். அப்பொழுது ஓடிச்சென்று குச்சிகளைப் பொறுக்குவார்களாம்! ஹெரோடோட்டஸ் கேட்டு எழுதிய கதை இது. அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த பிளினி, இவையெல்லாம் விலையை ஏற்றுவதற்காகக் கட்டிய பொய்கள் என்று போட்டு உடைத்தார். உரோமாபுரியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உடைபட்ட பானையை, இன்று நம்மூர்ச் சந்தையில் ஒட்டவைத்து விற்கிறார்கள் என்றால், இதை என்னவென்பது?

உண்மை எவ்வளவு எளியது என்பதற்கு நம்மவர் கதையே சான்று. கி.பி. 1344இல் இலங்கையின் மேல்கரையிலுள்ள புத்தளத்தில் இப்னு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இறங்கினார். அங்கே அப்பொழுது ஆட்சி செலுத்தியவர் ஆரியச் சக்கரவர்த்தி; யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசர். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கடற்கரையில் குன்றுபோல் குவிந்து கிடக்கக் கண்டதாகவும், மலையாளக் கரையாரும் சோழமண்டலக் கரையாரும் அவற்றை விலை கொடாமலே ஏற்றிச் சென்று, பதிலுக்கு அரசருக்குத் துணி முதலியவற்றைக் கொடுப்பதாகவும் அவர் எழுதியிருக்கிறார். பறவையும் இல்லை, பாறையும் இல்லை. கட்டை கிடந்தது, துணி கொடுத்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள். அருகில் இருந்தவனுக்கு அது கட்டை. தொலைவில் இருந்தவனுக்கு அது அற்புதம். தொலைவுதான் அற்புதங்களுக்கெல்லாம் தாய்.

பின்னர் வந்தவர்கள் அக்கட்டைக்காகவே கப்பல் ஓட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் இலங்கைக் கரையில் இறங்கி, 1518இல் கொழும்பில் கோட்டை கட்டி, கோட்டை அரசரிடம் கறுவாவையே திறையாக வாங்கினர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த டச்சுக்காரர், கறுவா வியாபாரம் முழுவதையும் தம் கும்பினியின் தனியுரிமையாக்கினர். அனுமதியின்றிப் பட்டை உரிப்பதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தன் வீட்டுப் பின்புறத்தில் தானே முளைத்த மரத்தின் பட்டையைத் தொட்டதற்காக ஒருவன் உயிரை இழக்கலாம் என்றால், அம்மணத்தின் உள்ளே வீசும் நாற்றம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டையை உரித்தவர் யார்? சலாகமர் என்னும் வகுப்பார். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த நெசவாளரே தம் முன்னோர் என்று அவர்களது மரபுக் கதை கூறும். தறியில் இருந்த கைகளைக் காட்டிற்குள் துரத்தியது வெள்ளைக்காரனின் மூக்கு. இத்தனை பாரம் பட்டை கொடுத்தே தீரவேண்டும் என்று ஆள் ஒன்றிற்கு அளவு விதிக்கப்பட்டது. சிறு பிள்ளைகளின் பெயரும் பதிவேட்டில் ஏறிற்று. யானையும் பாம்பும் அட்டையும் நிறைந்த காட்டில் மாதக்கணக்காய்த் திரிந்து அவர்கள் உரித்தார்கள். பொறுக்க மாட்டாமல் 1760 அளவில் கலகமும் செய்தார்கள். அதே 1760இல், ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், விலை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, வாசனைச் சரக்குகள் மலைமலையாய்க் கொளுத்தப்பட்டன. ஒரு கரையில் பட்டைக்காக மனிதனை வாட்டினார்கள். மறு கரையில் அதே சரக்கை நெருப்பிலிட்டு வாட்டினார்கள்! இதுவன்றோ கறுவாவின் புகழ்பெற்ற பழமை! இந்தப் பழமையைக் காட்டியா எங்களை நம்பச் சொல்கிறீர்கள்?

நிற்க. இக்கதையில் நமக்கும் பங்குண்டு. ஆளுநர் பால்க் காலத்தில், 1769 அளவில், கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினார்கள். ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் நட்டு, பிறரின் உழைப்பால் பிழிந்தெடுக்கும் தோட்ட முறைக்கு இலங்கையில் அது முன்னோடி. 1796இல் இங்கிலீஷ்காரர் வந்தனர். 1833இல் கறுவாத் தனியுரிமை ஒழிந்தது. பின்பு காப்பி வந்தது. காப்பியோடு தமிழ்நாட்டிலிருந்து கூலி ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். 1869இல் காப்பியில் நோய் விழுந்தது, தேயிலை வந்தது. அதே முறைதான் கடல் கடந்து மலாயாவில் ரப்பர்த் தோட்டமாக விரிந்தது. அதே கங்காணி, அதே லயம், அதே பெரட்டு.

ஒன்றை மறவாதீர்கள். பால் மரம் வெட்டியவனும் பட்டை சீவியவனே. கறுவா உரிப்பவன் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் தேய்த்துத் தளர்த்தி, நீளவாக்கில் கீறி, உட்பட்டையைக் கிழியாமல் எடுப்பான். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் உளி பிடித்து, மரத்தின் உள்கட்டையில் காயம் படாமல், காகிதம் போன்ற மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவி, மங்கில் பால் வடித்தார்கள். ஆழமாய்ப் போனால் மரம் கெடும், ஏச்சு விழும். மேலோடு போனால் பால் வராது, சம்பளம் குறையும். சலாகமன் உரித்த பட்டை மணத்தது. நம்மவர் சீவிய பட்டை மணக்கவில்லை. லாபம் இரண்டிலும் வேறொருவனுக்கே. தலைமுறை தலைமுறையாகப் பட்டை சீவி ஏமாந்த வகுப்பார், இப்பொழுது பட்டையை விலைகொடுத்து வாங்கியும் ஏமாறுவதா? உழைக்கும் முனையிலும் நாமே, ஏமாறும் முனையிலும் நாமே என்றால், இதைவிடக் கேவலம் உண்டா?

அப்படியானால் மரப்பட்டையில் மருந்தே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதற்குச் சாட்சி நம் கிள்ளானே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் விளைந்த சின்கோனா என்னும் மரத்தின் பட்டை மணமற்றது. வாயில் வைக்க முடியாத கசப்பு. காய்ச்சலுக்கு அது பலிக்கிறது என்று கண்டவர்கள், "முன்னோர் சொன்னார்" என்று நின்றுவிடவில்லை. 1820இல் பாரிசில் பெல்லத்தியே, கவந்து என்ற இருவர் அப்பட்டையிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்தனர். அதுவே குவினைன், நம் தோட்டத்தார் வாயில் "கொயினா". இத்தனை அளவு கொடுத்தால் இன்னது நடக்கும், மிஞ்சினால் காது இரையும் என்று கணக்கிட முடிந்தது. 1860களில் நம் நீலகிரியிலும் அம்மரத்தை நட்டார்கள்.

1901இல் கிள்ளான் மாவட்ட வைத்தியராக வந்தவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டில் திறக்கப்பட்ட துறைமுகத்திலும் கிள்ளான் நகரத்திலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. கொசுவே இந்நோயைச் சுமக்கிறது என்று 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்திருந்தார். வாட்சன் கொயினாவை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார், பள்ளங்களைத் தூர்த்தார், எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்று முன்னும் பின்னும் எண்ணிக் காட்டினார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. எண்ணிக் காட்டினார் என்னும் இச்சொல்லை மனத்தில் இருத்துங்கள். மருந்துக்கும் மாயத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மருந்து எண்ணிக் காட்டும். மாயம் கதை சொல்லும்.

சரி, கறுவாவை எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளை வைத்து 40 நாள் நடந்த ஓர் ஆராய்ச்சியில், பட்டைப்பொடி உண்டவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாக வெளியிட்டனர். பிரசாரகர்கள் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 2012இல், 577 பேரைக் கொண்ட 10 சோதனைகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்த்த கொக்ரேன் குழுவின் ஆய்வு, இனிப்பு நீருக்குப் பட்டையைக் கையாளும்படி சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறிற்று. அதன்பின் வந்த ஆய்வுகளில் சில, சர்க்கரை சிறிது குறைவதாகச் சொல்லின. சில அவ்வாறு சொல்லவில்லை. நாளையே நல்ல சோதனை ஒன்று பலன் உண்டென்று நிரூபித்தால், நாம் அதை முதற் பக்கத்தில் எழுதுவோம். ஆனால், சிறிது குறையலாம் என்பது வேறு. மாத்திரையை எறிந்துவிடு என்பது வேறு. முன்னது ஆராய்ச்சி; பின்னது கொலை.

இரண்டாவது வாதம் இயற்கை. இயற்கையாயிருப்பதாலேயே தீங்கில்லை என்பவர்கள், அரளிக்காயும் இயற்கைதான் என்பதை எண்ண வேண்டும். மேலும், கடையில் பட்டை என்ற ஒரே பெயரில் விற்பது ஒரே பொருளன்று. இலங்கைக் கறுவா காகிதம்போல் மெல்லியது, பல ஏடுகள் ஒன்றினுள் ஒன்றாய்ச் சுருண்டிருக்கும், நகத்தால் நொறுக்கலாம். சீனத்திலிருந்தும், சுமாத்திராவின் கெரிஞ்சி மலைப்பகுதி போன்ற இடங்களிலிருந்தும் வரும் பட்டை, அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்களுடையது. தடித்து, ஒற்றைச் சுருளாய், மரத்துண்டுபோல் இருக்கும். இந்தோனேசியா நமக்கு அண்டை வீடு. மலாய்க்காரர் "காயு மானிஸ்", அதாவது இனிப்பு மரம், என்று விற்கும் தடித்த பட்டை இவ்வகையே. விலையும் மலிவு.

இத்தடித்த பட்டையில் கூமரின் என்னும் சரக்கு மிகுதியாக உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். கூமரின் அளவு மிஞ்சினால், சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் ஒருவர் வாழ்நாள் முழுதும் அஞ்சாமல் உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. ஜெர்மானிய ஆராய்ச்சி நிலையத்தார் இதைக் கணக்கிட்டு, 60 கிலோ எடையுள்ள ஒருவர் தடித்த பட்டைப்பொடியை நாளுக்கு 2 கிராமுக்கு மேல் தொடர்ந்து உண்ணலாகாது என்றனர். 2 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. நம் பிரசாரகர்களோ காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி என்கிறார்கள்! குழம்பில் ஒரு துண்டு போடுவது வேறு; மாதக்கணக்காய்க் கரண்டி கரண்டியாய் விழுங்குவது வேறு. பொடியாக்கிப் பொட்டலம் கட்டிவிட்டாலோ, எந்த மரத்துப் பட்டை என்று எவனாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல், இனிப்பு மரத்தால் இனிப்பு நீரை எடுக்கப் போனவன், கல்லீரலில் இன்னொரு முள்ளை ஏற்றிக்கொள்வதே மிச்சம்.

மூன்றாவது வாதமே மிகக் கொடியது. "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்." இச்சொல்லைக் கூறுகிறவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றனர். ஆயினும் இது எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இனிப்பு நீருக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் மாத்திரை மெட்பார்மின். இதன் பூர்வோத்தரம் தெரியுமா? ஐரோப்பாவில் வளரும் காலேகா என்னும் ஒரு மூலிகை! அச்செடியில் சர்க்கரையைக் குறைக்கும் சத்து உண்டென்று கண்டார்கள். அச்செடியை மேய்ந்த ஆடுகள் மாண்டதையும் கண்டார்கள். ஆகவே செடியை இடித்துப் பொடியாக்கி விற்காமல், சத்தை ஆராய்ந்து, அதனோடு உறவுடைய தீங்கு குறைந்த பொருளைத் தேர்ந்தார்கள். 1957இல் ஜான் ஸ்டேர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். மூலிகை வேண்டும் என்பவர்களே, நீங்கள் எறிந்த மாத்திரைதான் சோதிக்கப்பட்ட மூலிகைப் பரம்பரை. நீங்கள் வாங்கிய பொடி சோதிக்கப்படாத வியாபாரம்.

மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் முன்னமே கெட்டிருந்தால், வைத்தியர் அதன் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதற்காகத்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரையும், அதோடு கூடிய இரத்தக் கொதிப்பும். இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீரால் சிறுநீரகம் இழந்தவர்களே. மாத்திரையை விட்டவனுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. பழி மாத்திரையின்மேல் விழுகிறது. தீயை அணைக்க வந்தவனைத் தீ வைத்தவன் என்று கட்டிப்போடுவதற்கு ஒப்பானது இது.

இது யாருடைய வீட்டுக் காரியம் என்று ஒதுங்குவதற்கில்லை. 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 100க்கு 31.4. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! ஒரு வீட்டில் ஆறு பெரியவர்கள் இருந்தால் இருவர். எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு இருட்டைப் பேசுவதுபோல், நாம் இதை விட்டுவிட்டு வேறெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கம்போங் மேடானை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிய காலத்தில், லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பழைய கிள்ளான் சாலையின் இருமருங்கிலும் இத்தகைய கம்பங்களில் வந்து ஒதுங்கின. 2001 மார்ச்சு மாதத்தில் நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போன பின்பே பத்திரிகைகளும் தலைவர்களும் இவ்வூர்ப் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டனர். வெட்டுப்பட்டுச் செத்தால் செய்தி. அடுக்குமாடி வீட்டில், கால் அழுகி, ஓசையின்றிச் செத்தால் அது செய்தியன்று, விதி! நாம் விதியை நம்புகிறவர்களல்லர். தடுக்கக்கூடிய சாவு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி உண்டு என்று நம்புகிறவர்கள்.

முதற் பொறுப்பாளி, பொய் விளம்பரம் செய்து விற்பவன். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இனிப்பு நீர், சிறுநீரக நோய், இருதய நோய் முதலியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைக் குற்றம் என்கிறது. சட்டம் அறுபது ஆண்டைக் கடந்தும் சந்தையில் கூவல் ஓயவில்லை. சர்க்காரே, அச்சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, தமிழில் கூவுகிறவர்களையும் சற்றுத் தமிழ் தெரிந்தவர்களை அனுப்பிக் கேளுங்கள் என்கிறோம்.

இரண்டாம் பொறுப்பாளி, நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும். திருவிழாவிற்கு ஒலிபெருக்கி கட்டத் தெரிகிறது. பந்தியில் இனிப்பு மூன்று வகை வைக்கத் தெரிகிறது. அதே மண்டபத்தில் மாதம் ஒருமுறை இரத்தச் சர்க்கரை பார்க்கும் முகாம் நடத்த என்ன தடை? மருத்துவர்களும் தாதியரும் நம் இனத்திலேயே ஏராளமாக இருக்கின்றனர். அவர்களைப் பொன்னாடை போர்த்த மட்டும் அழைக்கிறோம்; பேச அழைப்பதில்லை.

நோயாளியை மட்டும் நாம் ஏச மாட்டோம். அவன் ஏன் பொடிக்காரனிடம் போகிறான்? சர்க்கார் மருத்துவமனையில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மருந்தும் அதிலேயே அடக்கம். ஆனால் அந்த ஒரு வெள்ளிக்காகக் காலை முழுதும் காத்திருந்தால் அன்றாடக் கூலிக்காரனுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. இரவு வேலை பார்க்கும் காவலாளியும், லாரி ஓட்டுபவரும், துப்புரவு வேலை செய்யும் தாய்மாரும் எப்பொழுது போவார்கள்? போனாலும், தெரியாத மொழியில் இரண்டு நிமிஷம் கண்டிப்பு. பொடிக்காரனோ தமிழில், "அம்மா, அண்ணே" என்று அரைமணி நேரம் அன்பாகப் பேசுகிறான். பொடி விற்பது பட்டையால் அன்று. அந்த அரைமணி நேரத்தால். மாலையிலும் திறந்திருக்கும் மருத்துவமனைகள் பெருகவேண்டும். மருந்தை விளக்கும் தாள்கள் தமிழிலும் வேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையன்று. வரி கட்டுபவரின் உரிமை.

சித்த வைத்தியத்தை நாம் இழிவு செய்கிறோம் என்று சிலர் புறப்படக்கூடும். பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவு செய்ய 2016இல் இந்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. கற்றுத் தேர்ந்து, பதிவு பெற்று, நோயாளி உண்ணும் மாத்திரையையும் கேட்டறிந்து சிகிச்சை செய்யும் வைத்தியரோடு நமக்கு வழக்கில்லை. அத்தகையோர் எவரும் மாத்திரையைக் குப்பையில் போடு என்று சொல்லமாட்டார். சொல்பவன் வைத்தியன் அல்லன், வியாபாரி.

ஆகவே அன்பர்களே, நாம் வேண்டுவது இவ்வளவே. பட்டை குழம்பில் இருக்கட்டும். மாத்திரை வேளை தவறாமல் வயிற்றுக்குள் போகட்டும். பொடி உண்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லட்டும். அடுத்த முறை யாரேனும் பொட்டலத்தை நீட்டி முன்னோர் பெருமை பேசினால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? எத்தனை பேருக்குக் குணமாயிற்று? எண்ணிக் காட்டிய ஏடு எங்கே? பதில் வராது, இன்னொரு கதைதான் வரும். அக்கதையில் பறவை இருக்காது, பாறை இருக்காது, அவ்வளவே வேறுபாடு. காசைப் பையில் போட்டுக்கொண்டு, மருத்துவமனை வரிசையில் போய் நில்லுங்கள். அந்த வரிசை நீளமானதுதான். ஆனால் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் வரிசை அதனினும் நீளமானது.